டொம் நைனாவின் மழை மேளம்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் டொம் நைனாவின் விரல் படாத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பஸ், பூசணிக்காய், போலீஸ்காரர் தொப்பி, எதைக் கண்டாலும் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்பார். என் தலைக்குத் தினமும் ஒரு தட்டு உண்டு. "உள்ள ஒண்ணுமே இல்லடா. அதான் நாதம் சுத்தமா வருது!"

புதுவாயல் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் இருந்த மேளக் கம்பெனியில் அவர் மேஸ்திரி. வளையம் முடுக்கும் வேலை எனக்கு. எழுபதுகளின் தொடக்கம் அது. மேளம் என்றால் தோல்தான். மழை வந்தால் தோல் தொய்ந்து சத்தம் செத்துவிடும். அதனால் வைக்கோலைக் கொளுத்தி, மேளத்தைக் காய்ச்சிவிட்டுத்தான் வாசிப்பார்கள்.

நைனாவுக்கு ஒரே கனவு: மழையிலும் பாடுகிற மேளம். எங்கிருந்தோ ஒரு சுருள் பாலியஸ்டர் பிலிம் வாங்கி வந்து, தோலுக்குப் பதிலாக இழுத்துக் கட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. அதன் வழியே மேகங்களைப் பார்த்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

"இன்னா நைனா, இது மேளமா, ஜன்னலா?"

"ஜன்னல்தான்டா. மழை வெளியவே நிக்கும்."

முதலாளிக்கு அந்தக் கனவு வரவில்லை. "ஆரம்பாக்கம் கல்யாணத்துல அடிச்சுக் காட்டு. தேறலன்னா பிலிமைக் கூரைக்குப் போட்டுட்டுத் தோலுக்கே வந்துடு," என்றார்.

ஊர்வலத்தன்று சாயங்காலம் தூறல். தப்பு மேளக் குழுத் தலைவர் ஏழுமலையிடம் மூன்று பிலிம் மேளங்களைக் கொடுத்தோம்; நாலாவதை நைனா தன் கையிலேயே வைத்துக்கொண்டார். "நெருப்பாண்ட மட்டும் கொண்டுபோவாதப்பா," என்று ஆயிரம் தடவை சொல்லிவிட்டு, மாப்பிள்ளையின் காரைத் தட்டிப் பார்க்கப் போனார் நைனா; நானும் கூடவே போனேன்.

தூறலைக் கண்டால் கைப்பழக்கம் சும்மா இருக்குமா? நாங்கள் திரும்பியபோது வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. மூன்று மேளமும் பொரித்த அப்பளமாகச் சுருங்கி, நடுவில் ஓட்டையோடு கிடந்தன.

"காய்ச்சாம எப்டி நைனா அடிக்கறது? கை ஒத்துக்கல," என்று தலையைச் சொறிந்தார் ஏழுமலை.

நைனா திட்டவில்லை. மிச்சமிருந்தது ஒரே மேளம். அதைத்தான் அவர் குடைபோலத் தலைக்கு மேல் பிடித்து, தூறல் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நீட்டினார்.

"கைதான அழுவுது? அத்தயே நெருப்புல காட்டு. மேளத்த வுட்டுடு."

ஏழுமலை இரண்டு கையையும் காய்ச்சிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். தூறல் மழையானது. மற்றவர்களின் தோல் மேளங்கள் ஒவ்வொன்றாக ஊமையாயின. அந்த ஒன்று மட்டும் பாடியது. சத்தம் வயல் தண்ணீரின் மேல் வழுக்கிப் போய், ரயில் பாதையைத் தாண்டி, எங்கேயோ மழைக்குள் கரைந்தது. ஊரே தூக்கத்தில் நடப்பதுபோல அதன் பின்னால் நடந்தது. முதலாளி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தார். கூரை பற்றி அப்புறம் அவர் பேசவே இல்லை.

இன்றைக்கும் அந்தப் பக்கத்துக் குழுக்கள் பிலிம் மேளத்தை ஓரமாக வைத்துவிட்டு, வைக்கோல் கொளுத்திக் கையை மட்டும் காய்ச்சிக்கொள்கின்றன.

நைனா இப்போது கடம்பத்தூரில், மகள் வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் கொள்ளுப்பேரன் ஒருவன் இருக்கிறானாம். தினமும் அவன் தலையைத்தான் தட்டிக் கேட்கிறாராம்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.