பத்தாவது கயிறு

ஒன்பதுதான் இருந்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நான்காவது முறையாக எண்ணினார். அதே ஒன்பது.

அவரிடம் இருந்த பழைய ரூபாய் நோட்டில் ஒரு ராஜாவின் தலையும் ஒரு பாய்மரக் கப்பலும் உண்டு. ஊரில் நான்கு பேரிடம் மட்டுமே இருக்கும் நோட்டு. கப்பலில் பத்துக் கயிறு இருந்தால் அசல், ஒன்பது இருந்தால் கள்ள நோட்டு என்று ஒரு வாரமாகப் புரளி. நோட்டுச் சேகரிப்போர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீடு வீடாக விசாரித்து வந்தார்கள். இவர் வீட்டுக்குப் பதினோரு மணிக்கு வருவதாகத் தகவல்.

ஞாயிற்றுக்கிழமை இவரைச் சங்கத் தலைவராக்குவதாக இருந்தார்கள். மைக் கிடைத்தால் விடமாட்டார், பேசியது மறுநாள் ஞாபகம் இருக்காது. அந்தப் பதவிக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் கள்ள நோட்டு வைத்திருப்பவரை வாசல் காவலுக்குக்கூட வைக்கமாட்டார்கள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றாள் மனைவி, சட்டைக்கு இஸ்திரி போட்டபடி.

"ஒரு கயிறு குறையுதும்மா."

"துணி காயப்போடற கயிறு இருக்கு, வேணுமா?"

முப்பது வருடமாகக் கடிகாரத்தின் வயிற்றுக்குள் நடமாடிய கை அது. மெல்லிய பேனாவால் பத்தாவது கயிற்றை இழுத்துவிட்டது. மற்ற ஒன்பதும் கிழடு தட்டி நிற்க, இது மட்டும் புது மாப்பிள்ளை போல மினுங்கியது.

"இதைப் பழசாக்கணும். டீ இருக்கா?"

"குடிக்கவா, குளிக்கவா?"

நோட்டு டீயில் முங்கியது. கயிறு பழசானது, கூடவே கப்பலும் கடலும் ராஜாவின் மூக்கும் கறுத்துப்போயின. மணி பத்தே முக்கால். ஈரம் சொட்டியது.

"இஸ்திரிப் பெட்டியைக் குடு."

"சூடு ஜாஸ்தியா இருக்குங்க."

"எனக்குத் தெரியும்."

தெரிந்திருக்கவில்லை. ராஜாவின் கிரீடம் புகைந்தது.

அழைப்பு மணி அடித்தது. வந்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், மற்றவர் பல் டாக்டர். டாக்டர் நோட்டை இடுக்கியால் தூக்கி, சொத்தைப் பல்லைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

"டீ," என்றார்.

"நாலாவது வீடு," என்று தபால்காரர் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

"அசல்தானே சார்? பத்துக் கயிறும் சரியா இருக்கு."

"அசலுக்கு ஒன்பதுதான் சார். அச்சடிச்ச இடத்துப் பதிவேட்டையே பாத்துட்டோம். நாலு வீட்டுலயும் அசல்தான் இருந்திருக்கு. நாலு பேரும் பத்தாவதை வரைஞ்சு டீயில முக்கிட்டீங்க. இஸ்திரி போட்டது நீங்க மட்டும்தான்."

அவருக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு ஆத்திரம். "பத்துன்னு புரளி கிளப்பின பாவி யாரு சார்? அவனைச் சும்மா விடக் கூடாது."

"அதைக் கண்டுபிடிக்கத்தான் அலையறோம்."

இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டிக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஏங்க, போன மாசம் என் தம்பி வீட்டு விருந்துல மைக்கைப் புடிச்சுக்கிட்டு, 'என் கப்பலுக்குப் பத்துக் கயிறு, ஒண்ணு குறைஞ்சாலும் அது கள்ள நோட்டு'ன்னு நீங்கதானே பேசினீங்க?"