உயிரோடிருந்தவருக்கு ஒரு கடைசி நடை

உயிரோடிருக்கும் ஒரு மனிதருக்கு, அவர் வீட்டு வாசலிலேயே, அவர் காதுபடவே சாவு வீடு நடத்திக் காட்டிய பெருமை இந்த ஊவா மாகாணத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து அழலாம்.

நான் வரலாறு டீச்சர். பதுளை டவுனில் பிறந்து, ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். (டவுன்காரிக்கு வாய் நீளம் என்று கல்யாணத்துக்கு மறுநாளே தோட்டத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்.) வந்து பார்த்தால் இங்கே எல்லாருக்கும் ஒரே பைத்தியம், பேண்ட். தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்பார்கள். மேல்கணக்குக்கு ஒரு பேண்ட் செட், கீழ்கணக்குக்கு ஒன்று. அந்தோணியார் திருவிழாவில் சொரூபத்துக்கு முன்னால் எந்த செட் நடப்பது என்பதுதான் இங்கே தீராத வழக்கு. போன திருவிழாவில் இரண்டு செட்டும் ஒரே நேரத்தில் கோயில் வாசலில் முட்டிக்கொண்டதில், கீழ்கணக்கு ட்ராம்போன் ஒன்று, மேல்கணக்கு செட்டில் அடிக்கும் என் வீட்டுக்காரரின் பெரிய ட்ரம்மைக் கிழித்துவிட்டது.

புதிதாக வந்த ஃபாதர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எந்த செட்டு மூத்ததோ அது முன்னால போகட்டும். எப்ப ஆரம்பிச்சதுன்னு யாராச்சும் காட்டுங்க. முடியலன்னா ரெண்டு செட்டும் வேணாம். ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்குவோம்."

ஸ்பீக்கர்! மேல்கணக்கே ஆடிப்போனது. என் வீட்டுக்காரர் அந்தோணி அன்று சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்து போனார். அவருக்கு இருப்பது அந்த ட்ரம் ஒன்றுதான். அதற்கு அப்புறம்தான் நான். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கண்டுபிடிச்சுத் தாரேன், எல்லாரும் பேசாம இருங்க" என்றேன், யாரும் கேட்காமலே. (வரலாறு படித்தவளுக்கு ஒரு வருஷம் கண்டுபிடிக்கத் தெரியாதா? என்ன திமிர் பாருங்கள்.)

ஊர் முழுக்கக் கேட்டேன். துரை கொடுத்த வாத்தியம் என்றார் ஒருவர். ரோடு போடுவதற்கு முன்பே செட் இருந்தது என்றார் இன்னொருவர். ஆதியிலே செட்டு இருந்தது என்றுகூட ஒருவர் சொல்லியிருப்பார், நான் நேரத்தோடு எழுந்து வந்துவிட்டேன். மிச்சமிருந்தது சவரிமுத்து தாத்தா மட்டும். மேல்கணக்கின் பழைய ட்ரம்பெட்காரர். செட்டை ஆரம்பித்ததே அவருடைய அப்பாதான் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

ஆனால் தாத்தா படுக்கையில் இருந்தார். நினைவு போய்விட்டது.

"அவருக்கு என்னையவே தெரியல டீச்சர்" என்றார் அவர் மகள் மேரி அக்கா. "என்னைய நர்ஸுனு நெனைச்சுக்கிட்டு இருக்காரு. ரேடியோவுல பாட்டு கேட்டா மட்டும் முழிச்சுக்குவாரு. அப்ப பழசெல்லாம் பேசுவாரு."

அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமல் இருந்த நாட்களில்தான் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

"ஏங்க, உங்க செட்டு மொதமொதல்ல வாசிச்ச பாட்டு எது?" என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "கடைசி நடை."

யாராவது இறந்தால், சவத்தை லயத்து வரிசை வீட்டிலிருந்து எடுத்து மயானத்துக்குப் போகும் வழியில் வாசிக்கும் மெட்டு அது. வேறு எப்போதும் வாசிக்க மாட்டார்கள். பயிற்சியின்போதுகூட முழுதாக வாசிப்பதில்லை, பாதியில் நிறுத்திவிடுவார்கள். முழுதாகக் கற்றுக்கொள்வது சாவு வீட்டில்தான்.

"அதத்தான் தாத்தாவுக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றேன்.

"ஒனக்கு என்ன கிறுக்கா? சாவு இல்லாம அத வாசிச்சா சாவு தேடி வரும்னு சொல்லுவாங்க."

"மூடநம்பிக்கை! ஸ்பீக்கர் வேணுமா, செட்டு வேணுமா?"

மனுஷர் அடங்கிவிட்டார். சனிக்கிழமை மத்தியானம் செட்டைக் கூட்டிக்கொண்டு போனேன். அதோடு விட்டேனா? நினைவு நன்றாகத் திரும்பட்டும் என்று எல்லாரையும் கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். சாவு வீட்டுக்குப் போகும் அதே கோட்டு. (என் புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது?)

பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் லயத்துக்குப் போய்ச் சேரும்போது பக்கத்து வீட்டுக் காம்பராவின் கதவுகூடத் தெரியவில்லை. மேரி அக்கா தாத்தாவின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருந்தார். நான் உள்ளே கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். செட் வாசலில் நின்றது. வாசல் என்றால் வெறும் வெள்ளை. கறுப்புக் கோட்டுகள் மட்டும் தலையில்லாமல் நின்றன.

வாசித்தார்கள். அந்த மெட்டைச் சவத்துக்குப் பின்னால் நடந்துதான் கேட்டிருக்கிறேன், உட்கார்ந்து கேட்டதில்லை. தாத்தா கண்ணைத் திறந்தார். போர்வையின் மேல் அவர் வலது கை விரல்கள் மூன்றும் எழும்பி எழும்பி இறங்கின. ட்ரம்பெட் கட்டைகளை அழுத்துகிறார்! எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. பேனாவைத் திறந்தேன்.

மெட்டு முடிந்தது. அமைதி. அந்த அமைதியில், பனிக்குள்ளே, எங்கேயோ கீழே, அதே மெட்டு மறுபடி தொடங்கியது.

எங்கள் செட்டில் யாரும் வாயில் வாத்தியம் வைக்கவில்லை. ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ட்ரம் குச்சியைக் கீழே போட்டிருந்தார்.

"ஸ்டெல்லா, இது நாங்க இல்ல" என்றார்.

மெட்டு கிட்டே வந்தது. காலடிச் சத்தமும் வந்தது. கூடவே லயங்களின் பக்கமிருந்து ஒரு பெண் குரல் ஓவென்று அழுதது, அப்புறம் இன்னொன்று. ஆள் யாரும் தெரியவில்லை. அழுகை மட்டும் எல்லாப் பக்கமும்.

தாத்தா என் பக்கம் திரும்பினார். "வந்துட்டாங்க" என்றார்.

"யா... யாரு தாத்தா?"

"எங்கப்பா செட்டு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உயிர் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு நான் கேட்டது என்ன தெரியுமா? "எந்த வருசம்னு அவங்ககிட்ட கேளுங்க தாத்தா."

பனியைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது பேய்களல்ல, கீழ்கணக்கு செட். பேண்ட்காரர் ஒருவர் செத்து, கடைசி நடை காதில் விழுந்தால் பக்கத்து செட் கூப்பிடாமலே, பதில் வாசித்துக்கொண்டே வரவேண்டும் என்பது இந்தத் தோட்டத்தின் பழைய சட்டமாம். அது எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், பயத்தில் மறந்துவிட்டார். திருவிழாவுக்காகக் கீழே பயிற்சியில் இருந்தவர்கள் அப்படியே ஏறி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே வந்தது. யாரோ போன் பண்ணி, ஃபாதரும் மோட்டார் சைக்கிளில் தட்டுத்தடுமாறி வந்து சேர்ந்தார்.

நான் எழுந்து ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கால் எழும்பவில்லை. அதற்குள் கீழ்கணக்கின் மாஸ்டர் பிலிப்பு அண்ணன் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஜன்னலுக்கு நேரே நின்று தேம்பினார். ட்ரம்மைக் கிழித்த ஆளை ஏவிவிட்டவர் இவர்தான் என்று இன்னும் மேல்கணக்கில் பேச்சு.

"அய்யா! எங்கப்பாவுக்கு ட்ரம்பெட் ஊதச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்யா! ஒங்க செட்டுதான்யா மூத்தது! இத்தன வருசம் வீம்புக்கு வாயத் தொறக்காம இருந்துட்டேனே, என்னைய மன்னிச்சுருங்கய்யா!"

ஊரே கேட்டது. ஃபாதரும் கேட்டார்.

அப்போது ஜன்னலுக்குள்ளிருந்து தாத்தாவின் குரல் தெளிவாக வந்தது. "பிலிப்பு, ரெண்டாவது வரியில சுதி எறங்குது."

அப்புறம் நடந்ததை முழுதாகச் சொல்ல முடியாது. கூட்டம் பனிக்குள் நாலாபக்கமும் ஓடியது. ட்ராம்போன்காரர் ட்ராம்போனோடு சாக்கடைக் கானில் விழுந்தார். ஃபாதர் மூன்று தடவை சிலுவை போட்டார். பிலிப்பு அண்ணன் மட்டும் ஓடவில்லை; ஓடக் கால் வரவில்லை அவருக்கு.

அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தெளிய வைத்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னார்: "அது செத்தவருக்குச் சொன்னது. உசுரோட இருக்கிறவருக்குச் செல்லாது!"

ஃபாதர் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "இந்தப் பாட்டு மொதல்ல யாருக்கு வாசிச்சது தாத்தா?"

"எங்கம்மாவுக்கு" என்றார் தாத்தா. "என்னையப் பெத்தாங்க, அன்னைக்கே போயிட்டாங்க. சும்மா தூக்கிட்டுப் போக எங்கப்பாவுக்கு மனசு வரல. வாத்தியம் எரவல் வாங்கி, தெரிஞ்ச ஆளக் கூட்டி வாசிச்சாரு. அதுதான் செட்டு."

"நீங்க எந்த வருசம் பொறந்தீங்க?" இது நான். வேறு யார் கேட்பார்கள்?

"அது எங்கம்மாவுக்குத்தானே தெரியும்" என்றார் தாத்தா.

மேரி அக்கா அழுதார். தாத்தா அவரைப் பார்த்து, "மேரி, டீச்சருக்குத் தேத்தண்ணி குடு" என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டார்! மேரி அக்கா சமையலறைக்கு ஓடினார். தேத்தண்ணி வருவதற்குள் தாத்தாவின் கண்கள் மறுபடி மங்கிவிட்டன. கோப்பையை நீட்டியபோது, "நல்லா இருக்கியா நர்ஸம்மா?" என்று கேட்டார்.

மேல்கணக்கு முன்னால் போகலாம் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். துணிப் பதாகையில் வருஷம் எழுதும் இடத்தில் 'சவரிமுத்து பிறந்த அன்று' என்று என் கையாலேயே எழுதினேன். வரலாறு டீச்சர் கண்டுபிடித்த தேதி அதுதான். கீழ்கணக்கு செட் திருவிழாவுக்கு வந்தது, ஆனால் ஒருவரும் ஊதவில்லை; வாத்தியத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்கள். பிலிப்பு அண்ணன் என்னோடு பேச்சை நிறுத்தினார்.

அந்த ஐப்பசி மழையில் சவரிமுத்து தாத்தா நிஜமாகவே போய்விட்டார். எங்கள் செட் வாசலில் நின்று கடைசி நடை வாசித்தது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கீழேயிருந்து பதில் வரவில்லை. பனிக்குள்ளிருந்து யாரோ, "டீச்சர், இன்னைக்கு எந்த வருசத்தத் தேடுறீங்க?" என்று கத்திச் சிரித்தார்கள். அந்த மனிதருக்கு வரவேண்டிய ஊரை நானல்லவா வரவிடாமல் செய்துவிட்டேன். மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கடைசியாகக் கீழ்கணக்கில் பிலிப்பு அண்ணன் வீடு.

"நல்லா பாத்தீங்களா டீச்சர்?" என்றார், கதவைப் பாதி திறந்துகொண்டு.

எனக்கு அழுகைதான் வந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மயானத்துக்கு இறங்கும் பாதையில், "விருந்தாளி செட்டு, நீங்க முன்னால போங்க" என்று என் வீட்டுக்காரர் வழி விட்டார். பிலிப்பு அண்ணன் அசையவில்லை.

"மூத்த செட்டு போகட்டும்" என்றார். "இப்பச் சொன்னா செல்லும்."

அதற்கப்புறம் இரண்டு செட்டும் சண்டை போடவில்லை. எனக்குத்தான் விமோசனம் இல்லை. இன்றைக்கும் தோட்டத்தில் எந்தப் பக்கம் கடைசி நடை கேட்டாலும், அழுவதற்கு முன்னால் முதல் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. என் வீட்டுக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு என்னிடம் நீட்டுவார்.

"டீச்சர், இது சாவா, ஆராய்ச்சியா?"