அப்பாவின் வருத்தத்துக்கு வார்டில் படுத்தவன்

எனக்கு நடிப்பு வராது என்று பள்ளிக்கூட நாடகத்திலேயே தெரிந்துவிட்டது. (சேவகன் வேடம். சொல்ல வேண்டியது 'உத்தரவு' என்ற ஒரே சொல். அதையும் மறந்தேன்.) அப்படிப்பட்ட நான் இருபத்திரண்டு வயதில் ஒரு டொக்டரை முழுதாக ஏமாற்றினேன். நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

துறைமுகத்தில் மூட்டை இறக்கிய அப்பா, இடுப்புக்குக் கீழே இயங்காமல் சாம்பல்தீவு வீட்டில் கட்டிலோடு கிடந்தார். பிறகு இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்தன. டவுண் ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். மருந்தை ஊற்றி வாங்க வெறும் போத்தலோடு போய் நின்றேன். டொக்டரைப் பார்க்கத் துண்டு எழுதிக் கொடுப்பவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ஆளைக் கொண்டு வாரும்."

"எழும்ப ஏலாது ஐயா. பஸ்ஸில ஏத்தவும் ஏலாது."

"அப்ப மருந்தும் தர ஏலாது."

நான்தான் பெரிய மூளைக்காரனாயிற்றே. திரும்பவும் வரிசையில் நின்று என் பெயருக்கே துண்டு எடுத்தேன். டொக்டரிடம் அப்பாவின் வருத்தத்தை, இருமல், மூச்சிரைப்பு என்று ஒன்றுவிடாமல், என்னுடையதாக ஒப்புவித்தேன். இருமிக் காட்டினேன். நம்பாமல் விட்டுவிடுவாரோ என்று சளியில் இரத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

டொக்டரின் முகம் மாறியது. "தம்பி, நீர் இனி வீட்ட போக ஏலாது" என்றார்.

சட்டையை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டி, மூலைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். உண்மையைச் சொன்னால் பொலிசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று பயம். இரண்டு நாள், வேளைக்கு வேளை, அப்பாவின் மருந்தை நான் குடித்தேன். விழுங்கும்வரை தாதி பக்கத்திலேயே நின்றார்.

மூன்றாம் நாள் தங்கச்சி தேடி வந்தாள்.

"அண்ணா, மருந்து எங்கயெண்டு அப்பா கேக்கிறார். மூச்சு இழுக்குது."

எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். டொக்டர் முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. "என்னட்ட முதலே சொல்லியிருந்தா நானே வந்திருப்பன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு தன் காரிலேயே எங்களை ஏற்றிப் போனார்.

ஆஸ்பத்திரி உடுப்போடு நின்ற என்னை அப்பா மேலும் கீழும் பார்த்தார். தங்கச்சி நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப என்ர வருத்தம் உனக்குச் சுகமாயிட்டுதோ?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகியது. டொக்டர் ஊசி போட்டார். ஆனால் பிந்திவிட்டது. அடுத்த நாள் அப்பா போய்விட்டார்.

இன்றும் குடும்பத்தில் யாருக்காவது காய்ச்சலென்றால், "அண்ணாவை அனுப்புங்கோ, அவர் போய்ப் படுப்பார்" என்பாள் தங்கச்சி. பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த மருந்து இனிப்பாக இருந்தது. அதை மட்டும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.