காலையில் மட்டும் பிந்திய கடிகாரம்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் அந்தக் காலத்தில் எவனுக்காவது மணி என்னவென்று சரியாகத் தெரிந்திருந்தால், அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். பதுளை அரசாங்கக் கச்சேரியில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் துரைக்குத் தெரிந்திருக்குமே என்று கேட்பீர்கள். அவருடைய கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு வந்ததும் இந்த மனிதர்தான்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. மூன்று வருஷம் ஒரே கடையில் வேலை பார்த்தோம், ஒரே சட்டியில் குழம்பு ஊற்றிக்கொண்டோம், ஆனாலும் தெரியாது. கேட்டால், "இப்ப அதுக்கு என்னங்க அவசரம்?" என்பார். எல்லோரும் 'மணியென்ன' என்றே கூப்பிட்டார்கள். வழியில் எவரைக் கண்டாலும், முன்பின் தெரியாதவராக இருந்தாலும், அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "மணி என்னங்க?" என்பதுதான். அப்படிக் கேட்டவர் கடிகாரம் விற்கிறவர். அவருடைய கோட்டுக்குள்ளேயே ஒரு டைம்பீஸ் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

ரெயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. பதுளைக்கு வரவேண்டிய சாமான் எல்லாம் அங்கிருந்து மாட்டுவண்டியில் வரும். எங்கள் முதலாளி, திருச்சிப் பக்கத்து மனிதர், கடைத்தெருவில் லாந்தரும் குடையும் விற்றுக்கொண்டிருந்தவர், என்ன நினைத்தாரோ, ஒரு தடவை பதினாறு டைம்பீஸ் வரவழைத்து அலமாரியில் அடுக்கினார். ஏழு மாதம் அவை அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன. தூசி தட்டுவதும் நினைத்தபோது சாவி கொடுப்பதும் என் வேலை. "நாமளே நாலு இடத்துல போய்ச் சொன்னா என்னங்க?" என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "கடைன்னு ஒண்ணு எதுக்குத் தொறந்து வச்சிருக்கு? வேணுங்கறவன் வருவான். தேடிப்போய் விக்கிறதுக்கு நாம என்ன கீரையா வச்சிருக்கோம்?" என்றார். நான் மறுபடி தூசி தட்டப் போய்விட்டேன்.

அந்த வாரம்தான் மணியென்ன கடை வாசலில் வந்து நின்றார். ஒல்லியான ஆள், முழங்காலுக்குக் கீழே இறங்கும் கறுப்புக் கோட்டு, கையில் ஒரு குடை.

"மணி என்னங்க?" என்றார்.

நான் திரும்பி அலமாரியைப் பார்த்தேன். பதினாறு டைம்பீஸும் பதினாறு விதமாக மணி காட்டின. அதில் ஐந்து ஓடவே இல்லை.

"இதுல நான் யாரைக் கேக்கணும்?" என்றார் அவர், சிரிக்காமல். பிறகு உள்ளே வந்தார். தபால் கந்தோர்க் கடிகாரத்துக்குக் கொழும்பிலிருந்து தந்தியில் நேரம் வருகிறது என்றும், தாம் இப்போது அங்கிருந்துதான் வருவதாகவும் சொல்லி, பதினாறுக்கும் சாவி கொடுத்து, ஒவ்வொன்றாக முள்ளைத் திருப்பி வைத்தார். எல்லாம் ஒன்றாக அடிக்க ஆரம்பித்தபோது எதிர்க்கடைச் சாயபு எழுந்து வந்து பார்த்தார். பின்னால் வண்டிக்காரர் இரண்டு பேர். பழக்கடைக்காரி. முதலாளி தம் கடையில் அத்தனை பேரை ஒன்றாக அதுவரை கண்டதில்லை. மணியென்னவுக்கு அன்றைக்கே வேலை கிடைத்தது.

ஆனால் மறுநாள் காலையில் அவரைக் கடையில் காணோம். இரண்டு டைம்பீஸும் காணோம். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சாயங்காலம் மணியென்ன புழுதியோடு வந்து சேர்ந்தார். ஒன்று விற்றிருந்தது. ஹாலிஎலப் பக்கத்தில் ஒரு வேதக்கோயில் உபதேசியாருக்கு என்றார்.

"அவரு கடியாரம் கேட்டாரா?" என்றார் முதலாளி.

"அவரு எதுக்குக் கேக்கிறாரு? அவரு பிரசங்கம் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாருங்க. நானும் கடைசி பெஞ்சில உக்காந்து கேட்டேன். பக்கத்துல இருந்தவரு காதுல, இன்னும் எவ்வளவு நேரம் போகும்னு தெரியுமாங்கன்னு மட்டும் கேட்டேன். சபை ஜனங்க எல்லாரும் சேர்ந்து வாங்கி அவருக்குக் காணிக்கையாக் குடுத்திட்டாங்க."

அந்த உபதேசியார் அதைச் சந்தோஷமாகப் பெற்றுக்கொண்டு, கர்த்தர் தமக்குக் கொடுத்த நேரத்தை நினைத்து உருகி, அதைப் பற்றியே இன்னும் ஒரு மணி நேரம் பேசினாராம். அது வேறு விஷயம். கடிகாரம் விற்றுவிட்டது.

எப்படி விற்கிறார் என்று எனக்குப் பெரிய ஆவல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் புறப்பட்டேன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. நடந்து போகும் வழியெல்லாம் அவர் கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் வந்தவர்களிடம் எல்லாம் கேள்விதான். கோழி எத்தனை மணிக்குக் கூவுகிறது, இந்தப் பக்கம் பனி எப்போது விலகும், தபால்காரர் எந்த நேரம் வருவார். சொன்ன பதிலையெல்லாம் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேள்விப்பட்டவர்போலக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் எனக்குப் புரிந்தது, அது நடிப்பு இல்லை. உண்மையாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆட்கள் வரிசை அறைகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போனதும் ராக்காயி என்கிற மருத்துவச்சியின் காம்பரா வாசலில் உட்கார்ந்தோம். தோட்டத்துப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் பிறந்தவை. மணியென்ன உட்காருவதற்கு முன்னாலேயே கோட்டுக்குள் கையை விட்டு டைம்பீஸின் அலாரத்தைத் திருகி வைத்ததை நான் கவனித்தேன். எதற்கென்று அப்போது தெரியவில்லை.

"கடைசியா எப்பங்க பிரசவம் பாத்தீங்க?" என்றார்.

"முந்தாநாள். ஆம்பளப் புள்ள."

"பொறந்தப்போ மணி என்னங்க?"

ராக்காயி யோசித்தாள். "தப்பு அடிச்சதுக்குப் பின்னால. பெரட்டுக்கு முன்னால."

தப்பு என்பது ஆட்களை எழுப்ப விடியற்காலையில் அடிக்கும் பறை. பெரட்டு என்பது ஆட்கள் வேலைக்கு வந்து நின்று பெயர் கொடுக்கும் நேரம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் கிடக்கிறது.

"ஜாதகம் எழுதுறவரு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அதத்தான் சொல்லுவேன். அவரு நல்லதாப் பாத்து ஒரு நேரம் போட்டுக்குவாரு."

பக்கத்துக் காம்பராப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அதில் ஒருத்தி, "அப்ப எம் மகன் ஜாதகமும் அப்படித்தான் போட்டதா?" என்றாள். இன்னொருத்தி, அதனால்தான் தன் மகளுக்கு வந்த வரன் எல்லாம் பொருந்தாமல் போகிறது என்றாள். பேச்சு சூடு பிடித்தது. பத்துப் பேர் கூடிவிட்டார்கள். இப்போது கடிகாரத்தை எடுத்து நீட்டினால் கையோடு பிடுங்கிக்கொள்வார்கள் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கோட்டுக்குள் அலாரம் கணகணவென்று அடித்தது. ஒரு குழந்தை வீறிட்டது. மணியென்ன எழுந்து, "நேரமாச்சுங்க, போய்ட்டு வர்றோம்" என்று கும்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"என்னங்க இது, வாங்க இருந்தாங்களே" என்றேன் பாதி வழியில்.

"விக்கிறவன் ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுங்க. அப்புறம் அவங்க யோசிக்கிறதுக்கு எடமில்லாமப் போயிடும்."

அடுத்த ஞாயிறு ராக்காயியே பதுளைக்கு வந்துவிட்டாள். லயத்துக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு டைம்பீஸ் வாங்கின. தபால் கந்தோர் நேரத்தைப் பார்த்து மணியென்ன தாமே அதை வைத்துக்கொடுத்து, சாவி கொடுக்கவும் மணி பார்க்கவும் அவளுக்குச் சொல்லித்தந்தார். போகும்போது அவள் அதைப் பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் முந்தானையில் சுற்றி அணைத்துக்கொண்டு போனாள்.

பதினைந்தாம் நாள் அதே முந்தானையில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கூட ஒரு சின்னக் கங்காணி.

"கடியாரம் அரை மணி பிந்துதுங்க," என்றாள். "ஆறு மணிக்குப் பெரட்டு. பெரட்டுக்கு நிக்கிறப்ப இது அஞ்சரைன்னு காட்டுது. சனங்க எல்லாம் என்னத்தான் கேக்கிறாங்க."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். முதலாளி அவசரமாக, "வேற எடுத்துக் குடுத்து அனுப்பு" என்றார். மணியென்ன அசையவில்லை. அவருடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்துவிட்டது. ஜாதகப் பேச்சு நடந்த அன்று நான் கண்ட அதே வெளிச்சம்.

"மொத நாளே அரை மணி பிந்துச்சா?"

"ஆமாங்க."

"நேத்து?"

"நேத்தும் அரை மணிதான்."

"பிந்துற கடியாரம்னா நாளுக்கு நாள் கூடப் பிந்தணுமேங்க. இது என்ன, பிந்தினாலும் கணக்காப் பிந்துது." கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "சரி, சாயங்காலம் ஸ்டோர்ல வேலை முடிஞ்சு மணி அடிக்கிறாங்களே, அப்ப எவ்வளவு பிந்துது?"

ராக்காயியும் கங்காணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்பார்கள்.

"அப்பச் சரியாத்தான் இருக்கு," என்றாள் ராக்காயி மெதுவாக. "அஞ்சுக்கு அஞ்சு."

"காலையில மட்டும் பிந்துற கடியாரத்தை நான் இதுவரைக்கும் கண்டதில்லைங்க," என்றார் மணியென்ன.

கங்காணிதான் முதலில் புரிந்துகொண்டார். பெரட்டுக் களத்தில் இருப்பது ஒரு கடிகாரம், ஸ்டோரில் இருப்பது வேறொன்று. ஆட்கள் வேலைக்கு இறங்குவது முந்துகிற கடிகாரத்தைப் பார்த்து, வேலையை விட்டு ஏறுவது சரியான கடிகாரத்தைப் பார்த்து. தினமும் அரை மணி நேரம் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியாது.

முதலாளி மணியென்னவைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். "கடியாரம் கெட்டுப்போச்சுன்னு சொல்லி வேற குடுத்திரு. தொரைமாரு பகை நமக்கு வேணாம். நாளைக்கு ஒரு தோட்டத்துலயும் கால் வைக்க முடியாது. உன் வேலையும் போகும், என் கடையும் போகும்."

"நல்லா ஓடுற கடியாரத்தை எப்படிங்க கெட்டுப்போச்சுன்னு சொல்றது?" என்றார் மணியென்ன. கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் அந்தத் தோட்டத்துத் துரையின் பங்களாவுக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை. நான் கூடப் போனது வீரத்தினால் அல்ல. என்ன ஆகப்போகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கடையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. துரை விராந்தையில் நின்றிருந்தார். பக்கத்தில் கணக்கப்பிள்ளை. மணியென்ன குடையைச் சுருக்கி, கும்பிட்டு, வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மணி என்னங்க தொரை?"

துரை சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "ஒன்பது பத்து" என்றார், அவருடைய தமிழில்.

"என் கடியாரத்துலயும் அதேதாங்க. ஆனா பெரட்டுக் களத்துக் கடியாரத்துல இப்ப ஒன்பது நாப்பது. வர்ற வழியில எட்டிப் பாத்தேன். அதுல என்னமோ கோளாறு இருக்கு. உத்தரவு குடுத்தீங்கன்னா சும்மாவே சரிபண்ணிக் குடுத்துட்டுப் போறேன்."

துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்தார். துரைக்கு முன்பே தெரியுமா, அப்போதுதான் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. கடிகாரத்தைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "வெளியே போ. இனிமேல் இந்தத் தோட்டத்தில் வராதே" என்றார்.

"சரிங்க," என்றார் மணியென்ன. "ஆளனுப்பினீங்கன்னா கடையிலயே வச்சுச் சரிபண்ணித் தர்றேன்."

அந்த வாரமே செய்தி பரவிவிட்டது. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் காவல்காரன் அவரை வழியிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். இன்னொன்றில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். முதலாளி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மணியென்ன கடை வாசலில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகிறவர் வருகிறவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மனிதரை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி இருக்கும். கடைத்தெரு முனையிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. பிறகு இன்னொன்று. ஹாலிஎலப் பக்கம், பசறைப் பக்கம், நாங்கள் பெயர்கூடக் கேட்டிராத தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள். ஒரு பெரியவர் நேராக உள்ளே வந்து, "தொரைமாருக்குப் புடிக்காத கடியாரம் இங்கதானுங்களா விக்கிறாங்க?" என்று கேட்டார். மத்தியானத்துக்குள் அலமாரி காலி. முதலாளி அன்றைக்கே பண்டாரவளைக்கு ஆள் அனுப்பினார். மணியென்னவிடம் பேசவும் ஆரம்பித்தார்.

அதற்கடுத்த வாரம் வந்தவர்தான் விசேஷம். அந்த லுணுகலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, கோணியில் சுற்றிய பெரட்டுக் களத்துக் கடிகாரத்தோடு. துரை சரிபண்ணச் சொல்லியிருக்கிறார் என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். மணியென்ன பின்மூடியைத் திறந்து, வெகு நேரம் உற்றுப் பார்த்துவிட்டு மூடினார்.

"ஒண்ணும் கெடலைங்க. முள்ளை மட்டும் யாரோ தள்ளி வச்சிருக்காங்க. இப்பச் சரியாயிடுச்சு."

கணக்கப்பிள்ளைக்கு வியர்த்துவிட்டது. மணியென்ன மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் தள்ளி வைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான். அதற்குப் பதிலாக, "வீட்டுல புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுதுங்களா? காலையில நேரம் எப்படித் தெரிஞ்சுக்கிறாங்க?" என்றார். கணக்கப்பிள்ளை ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொண்டு போனார்.

வியாபாரம் பெருகியதும் முதலாளி அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். நாலு நாள் அதில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் காலையில், "மொனராகலைப் பக்கம் இன்னும் யாரும் போய்ப் பேசினதில்லையாமுங்க. ஒரு எட்டுப் பாத்துட்டு வர்றேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். முதலில் மாதம் ஒரு தடவை வந்தார். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு வரவில்லை. அந்தப் பக்கத்துக் காய்ச்சலில் போய்விட்டார் என்று சிலர் சொன்னார்கள். இல்லை, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு இருந்துவிட்டார் என்று ஒரு வண்டிக்காரர் சொன்னார். அந்த வண்டிக்காரர் குடிகாரர், வாயைத் திறந்தால் பொய் என்று கடைத்தெருவுக்கே தெரியும். நான் மட்டும் அவரை நம்புகிறேன்.