ஒரு சொட்டும் ஒழுகாத கூரை

வேலை தெரியாதவனுக்கு ஒரு வீட்டைக் கெடுக்க நாள் எடுக்கும். எல்லாம் தெரிந்தவன் ஒரு பிற்பகலில் முடித்துவிடுவான். இதை நான் அடித்துச் சொல்லுவேன், ஏனென்றால் கெட்டது என் வீடு.

முப்பத்துநான்கு வருடம் அரசாங்கக் கட்டடப் பகுதியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன் நான். எந்தக் கூரை எங்கே ஒழுகும், அதற்கு எதைப் பூச வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. (ஓர்ஸ் ஹில்லில் என் சொந்த வீட்டின் கொங்கிரீட் கூரை ஐந்து மாரியாக ஒழுகிக்கொண்டிருந்தது வேறு விடயம்.)

மேல்மாடியில் மகள் வாசுகி, மருமகன், நான்கு வயதுப் பேரன். சுவரெல்லாம் பூஞ்சணம். பிள்ளைக்கு இழுப்பு. ஒருநாள் மகள் தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

“அப்பா, இந்த மாரியும் வீடு நனைஞ்சா நாங்கள் பாலையூற்றில வாடகைக்குப் போயிடுவம். பிறகு கோவிக்கக் கூடாது.”

மனைவி கலங்கிப்போனாள். பேரன் இல்லாத வீட்டில் என்னோடு தனியே இருப்பதை அவள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கிண்ணியாவிலிருந்து மேசன் ஹனீபா பாஸை அழைத்தேன். பழைய பூச்சைச் சுரண்டி, வெடிப்புகளை வெட்டி அடைத்து, கைப்பிடிச் சுவரின் அடிமூலையை வளைவாகச் சாந்திட்டு, வலை பதித்து, ஒன்றுக்குக் குறுக்காக ஒன்றென இரண்டு பூச்சுப் பூசினார். நான் கதிரை போட்டு உட்கார்ந்து, அவர் காலமெல்லாம் செய்த வேலையை அவருக்கே விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார். (கேட்பதுபோல் நின்றார் என்பதே சரி.)

பூச்சு இறுகி ஒரு கிழமை கழிந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு போகப் பார்த்தார். விடுவேனா? தண்ணீர் தேக்கிச் சோதிக்காமல் எந்தக் கூரையையும் நான் ஏற்றதில்லை. தண்ணீர் போகும் துவாரங்களைச் சீமெந்தால் அடைத்து, இரண்டங்குலம் நீர் நிரப்பி, நாற்பத்தெட்டு மணித்தியாலம் விடவேண்டும். செவ்வாய் காலை எட்டு மணிக்குத் தொடங்கி, கொப்பியில் நேரம் எழுதிக் கையொப்பமிட்டேன். (மேலதிகாரி இல்லாததால் அந்த இடத்திலும் நானே இட்டேன்.)

புதன் மதியம் வரை கீழே ஒரு சொட்டு இல்லை. மூன்று மணிக்குத் துறைமுகப் பக்கம் வானம் கறுத்தது. சாமான்களை எடுக்க வந்த பாஸ் அண்ணாந்து பார்த்தார்.

“சேர், மழை வருது. அடைப்பை உடைச்சு விடுவமா?”

“இன்னும் பதினேழு மணித்தியாலம் இருக்கு பாஸ்.”

“அது மழைக்குத் தெரியாதே சேர்.”

மழைக்குறி தெரிந்தால் சோதனையை நிறுத்த வேண்டும் என்று எங்கள் பகுதியின் கையேட்டிலேயே இருக்கிறது. அந்தப் பந்தியை எழுதியவனே நான்தான். ஆனால் ஒரு மேசன் சொல்லி உத்தியோகத்தன் அடைப்பைத் திறப்பதா?

ஒரு மணித்தியாலத்தில் கூரை குளமாகியது. கைப்பிடிச் சுவர் தாங்கியது. பூச்சும் தாங்கியது. படிக்கட்டுக்கு இறங்கும் கதவின் நிலைப்படிதான் தாங்கவில்லை. அதன் உயரம் மூன்றங்குலம். இரண்டை நான் ஊற்றியிருந்தேன். மிச்சத்தை மழை ஊற்றியது. தண்ணீர் படிப்படியாக இறங்கி, மகளின் அறைக்குள் நுழைந்து, நிலத்தில் விரித்திருந்த மெத்தையை நனைத்து, அலுமாரியின் அடித்தட்டை ஊறவைத்து, பேரன் ஆவி பிடிக்கும் மெஷினையும் மூழ்கடித்தது.

பாஸ் என்னைக் கேளாமலே சுத்தியலோடு மேலே ஓடினார். அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு மகள் பிள்ளையோடு வந்து கணுக்கால் தண்ணீரில் நின்றாள். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

“பிள்ளை, மேல பார். சீலிங்கில ஒரு சொட்டு இல்லை.”

அவள் மேலே பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே மருமகனுக்கு டெலிபோன் எடுத்தாள். “ஒரு லொறி பிடியுங்கோ” என்றாள். அவ்வளவுதான்.

மூன்று மாரி போய்விட்டது. மேல்மாடி காய்ந்துபோய்க் கிடக்கிறது, ஆளில்லாமல். மனைவி கிழமையில் நாலு நாள் பாலையூற்றில். அந்த வாடகை வீட்டுக் கூரையும் ஒழுகியதாம். ஹனீபா பாஸைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு விடயமே பிறகுதான் தெரியும்.

நான் அங்கே போய்க் கேற்றடியில் நின்றால் பேரன் உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பான்: “அம்மா, அம்மப்பா வாறார். ஏணியை உள்ள எடுங்கோ.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஏணியை உண்மையிலேயே உள்ளே எடுத்துவிடுகிறார்கள்.