மூன்று சென்டிமீட்டர் சுருங்கிய பிரையனி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சகமும் நலமாக இருக்க விழைகிறேன். பள்ளி முடித்த நாளிலிருந்து தங்கள் வார இதழை வாசிக்கிறேன். ஒரு வரியும் எழுதியதில்லை. இரவல் வாங்கிய நூலகப் புத்தகத்தைக்கூட எங்கள் பர்னி ஊரில் யார் கண்ணிலும் படாமல் பையில் மறைத்து எடுத்துப்போகிற கூச்சக்காரி நான். இனிப் பொறுக்க முடியாது.

அக்கா சுரங்க வேலைக்குப் போயிருப்பதால் அவள் மகள் பிரையனி என்னோடு இருக்கிறாள். பத்து வயது. முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறந்தவள், சக்கர நாற்காலியில்தான் எல்லாம். ஓராண்டாகத் தினமும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. வளர்கிறாள் என்று மருத்துவமனை எழுதிக்கொடுத்தால்தான் ஊசி தொடரும். அளக்கும் லட்சணத்தைக் கேளுங்கள் ஐயா: முதலில் "சுவரோரமா நிமிர்ந்து நில்லும்மா" என்றார்கள், நிற்க முடிந்தால் அங்கே ஏன் வருகிறாள், அடுத்த முறை படுக்கவைத்தார்கள், ஒருவர் முதுகின் வளைவோடு நாடாவை ஓட்டினார், இன்னொருவர் வளைவை விட்டுவிட்டார், நடுவில் ஒரு பூசணிக்காய் அளவு வித்தியாசம், கடைசியில் ஒரு புத்திசாலி வந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கைகளை விரித்து நுனிவிரலுக்கு நுனிவிரல் அளப்பதே சரி என்றார், அப்பாடா என்றிருந்தேன், போன செவ்வாய்க்கிழமை அதே அளவு மூன்று சென்டிமீட்டர் குறைவு!

"பிள்ளை சுருங்குமா? வெந்நீர்ல துவைச்ச கம்பளிச் சட்டையா அது?" என்றேன்.

"நாடா சொல்றதைத்தானே நான் எழுத முடியும் மேடம்" என்றார் செவிலியர் ரோவன்.

"சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேல ஏறிக் கிடக்கே, அதை எழுதுங்க!"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

இந்த மாதத்தோடு ஊசி நிறுத்தம் என்று நேற்று கடிதம் வந்துவிட்டது. ஒரு கட்டம் இல்லாததால் ஒரு குழந்தை வளராமல் நிற்பதா? ஊர் கேட்கட்டும். தங்கள் இல்லத்தாருக்கு என் அன்பான விசாரிப்புகள்.

கொதிப்புடன்,
லோட்டி கிளென்னன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் பிரையனி இதைப் படித்துவிட்டாள். "சித்தி, ரோவனைத் திட்டாத. நான்தான் ரெண்டு பக்கமும் விரல் நுனியை மடக்கிக்கிட்டேன்" என்கிறாள். ரோவன் நாடாவைப் பார்த்தார், நான் ரோவனை முறைத்தேன், விரலை ஒருவரும் பார்க்கவில்லை. ஏனாம்? "வளர்ந்தா இந்த நாற்காலியைப் பிடுங்கிட்டுப் பெரிசா ஒண்ணு தருவாங்க. இது எவ்ளோ சட்டுனு திரும்பும் தெரியுமா? கூடைப்பந்துல ஒருத்தியாலயும் என்னைப் பிடிக்க முடியல. என்னை யாராச்சும் கேட்டீங்களா?" கேட்கவில்லை. ஆகவே மேலே உள்ள எதையும் பிரசுரிக்க வேண்டாம். திங்களன்று மறுபடி அளக்கச் சொல்கிறேன், விரலை நீட்டுவாயா என்றேன். "புது நாற்காலியை நானே ஓட்டிப் பாத்துதான் எடுப்பேன். எழுதிக் குடு" என்றாள். கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன்.