பதினோரு செவித்திறன் சான்றிதழ்கள்

குறைதீர் அலுவலகக் கணினிகளுக்கு லினக்ஸ் என்ற புது இயங்குதளம் வந்தது ஒரு திங்கட்கிழமை. பக்கத்து அலுவலகம் மாறிவிட்டது, ஆகவே நாமும் மாற வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தெரியாது. கணினிக்காரர் வந்தார், எல்லாக் கணினிகளையும் ஒரே மூச்சில் மாற்றினார், போனார். அவர் போன கையோடு சத்தமும் போய்விட்டது.

மற்றவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. தட்டச்சு செய்பவளுக்குத்தான் அது தலைபோகிற விஷயம். மக்கள் மைக்கில் சொல்லிக் கணினியில் பதிவான முப்பது குறைகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்தால், நாலு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கும் வேலை நிரந்தரமாகும். முடிக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த முப்பதில் ஒன்று அவள் புருஷனுடையது. அவர்கள் தெருக் குழாயில் ஏழு மாதமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

கண்காணிப்பாளரிடம் போய் நின்றாள்.

“சார், கம்ப்யூட்டர்ல சத்தம் வரலை.”

“வரலைன்னு யார் சொன்னா?”

“நான்தான் சார்.”

“உன் காது நல்லா இருக்குன்னு சான்றிதழ் வச்சிருக்கியாம்மா?”

“காதுக்கா சார்?”

“பின்ன? அரசாங்கக் கம்ப்யூட்டர் மேல பழி போடறது லேசுப்பட்ட காரியமா? கோளாறு அதுலயா, உன்கிட்டயான்னு முதல்ல தெரியணும்.”

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: ‘சத்தம் வரவில்லை எனக் கருதுவோர், கருதாதோர், இனிமேல் கருத வாய்ப்புள்ளோர் அனைவரும் செவித்திறன் சான்று பெற்றுக் கோப்பில் இணைக்க வேண்டியது.’

கண்காணிப்பாளர் உட்படப் பதினோரு பேரும் காது டாக்டரிடம் போனார்கள். ஒவ்வொருவராகக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். ஒருவர் கையும் எழும்பவில்லை. டாக்டரின் கணினியையும் அதே கணினிக்காரர்தான் முந்தின நாள் லினக்ஸுக்கு மாற்றியிருந்தார்.

“பதினோரு பேருக்கும் சுத்தமா கேக்கலை” என்று டாக்டர் எழுதினார்.

“டாக்டர், நீங்க பேசறது எனக்கு நல்லா கேக்குதே!” என்றாள் அவள்.

“உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்கறீங்கம்மா.”

அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, “இப்பவும் கேக்குது டாக்டர்” என்றாள்.

“பழக்கம்” என்றார் டாக்டர், முத்திரையைக் குத்தியபடி.

ஆக, கணினியில் கோளாறு இல்லை என்று கோப்பு மூடப்பட்டது. சான்றிதழுக்குச் சில சலுகைகளும் உண்டு: ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போகலாம், தொலைபேசியை எடுக்க வேண்டாம், மேலிடம் திட்டினால் பதில் சொல்ல வேண்டாம். அது வீட்டிலும் செல்லும் என்பதைக் கண்காணிப்பாளர் தாமாகவே கண்டுபிடித்தார்.

வியாழக்கிழமை அவள் தங்கைக்குப் போன் போட்டாள். தங்கைக்கு இந்த வித்தை தெரியும். “கம்ப்யூட்டர் கெட்டெல்லாம் போயிருக்காதுக்கா. கறுப்புத் திரையைத் திறந்து, நான் சொல்றதை அப்படியே அடி. ஒலி அளவுக்குக் கீழே எம் எம்னு இருக்கா? வாயை அடைச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். எம் பட்டனை ஒரு தட்டு தட்டு.”

தட்டினாள். ஓடிக்கொண்டிருந்த இருபத்தேழாவது குறை கூடமே அதிரும்படி வெளியே வந்தது. அவள் புருஷன் குரல்.

“ஐயா, எங்க தெருவுல ஏழு மாசமா தண்ணி வரலை. நான் பேசறது கேக்குதுங்களா?”

கடைநிலை ஊழியர் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அவர் தலை நிமிரவில்லை. கோப்பு எழுத்தர் பேனா ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“சார், சத்தம் வந்துடுச்சு!” என்று அவள் கத்தினாள்.

கண்காணிப்பாளர் அவள் உதட்டையே கவனமாகப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உனக்குக் கேக்குதா? கேட்டா உன் சான்றிதழ் பொய். பொய்ச் சான்றிதழுக்கு வேலை நீக்கம். யோசிச்சுச் சொல்லும்மா.”

“ஐயா, கேக்குதுங்களா?” என்றது கணினி.

அவள் நாலு வருஷத்தை நினைத்துக்கொண்டாள். எம் பட்டனை மறுபடி தட்டினாள்.

“கேக்கலை சார்.”

முப்பது தாளிலும் ‘ஒலி இல்லை’ என்று அடித்துக் கொடுத்தாள். ‘முப்பது பதிவுகளும் கூர்ந்து கேட்கப்பட்டன, மக்களுக்குக் குறை ஏதும் இல்லை’ என்று கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை அவள் வேலை நிரந்தரமானது.

வீட்டு வாசலில் புருஷன் இரண்டு காலிக் குடங்களோடு நின்றான். அவள் நீட்டிய நிரந்தர ஆணையைப் படித்துப் பூரித்துப் போனான். பிறகு கேட்டான்: “சரி, என் மனு என்னாச்சு?”

அவள் அவன் உதட்டைப் பார்த்தாள். “என்னங்க? காதுல விழலை.”

“காதுதானே போச்சு? கை நல்லாத்தானே இருக்கு?” என்று ஒரு குடத்தை அவள் கையில் திணித்தான்.

மூன்று தெரு தள்ளியிருந்த குழாயடியில் நீண்ட வரிசை. அவளுக்கு முன்னால் இரண்டு குடத்தோடு நின்றவர் திரும்பினார். கண்காணிப்பாளர். அவர் தெருவில் எட்டு மாதமாம்.

“எத்தனை தடவை சொன்னாலும் அந்த ஆபீஸ்ல ஒருத்தன் காதுலயும் ஏற மாட்டேங்குது!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

இருவரும் திரும்பவில்லை. குடத்தை ஒரு அடி முன்னால் நகர்த்தி வைத்தார்கள்.